மல்லிகாவின் அறுபத்தொன்பது கிராம்

மகனே,

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். இந்த முறை அப்படித் தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். உன் தங்கை மல்லிகா கட்டிலில் கிடக்கிறாள். அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். இதை மல்லிகாவின் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன், உறையை ஒட்டாமல். அவனும் படிக்கலாம், உன் மனைவியும் உன் சின்ன மகள் பவித்ராவும் படிக்கலாம். போனில் சொல்லியிருக்க முடியாதா என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை நீ கூப்பிட்டபோது நான் அவளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். கை ஈரம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் மேலேயே வைத்தேன். நீ நல்ல சந்தோஷத்தில் இருந்தாய். ஓய்வு பெறுவதற்குள் தொப்பையைக் குறைக்க வேண்டும் என்று ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆனதைச் சொன்னாய். "எம்மா, என் எடை எழுபத்தெட்டு கிலோ. வாரத்துல அஞ்சு நாளு எக்சர்சைஸ் பண்றவனுக்கு ஒரு நாளைக்கு நூத்திப் பத்து கிராம் புரோட்டீன் வேணுமாம். ட்ரெய்னர் கணக்குப் போட்டுக் குடுத்துக்கிறாரு. கோழிக்கறிய தராசுல நிறுத்துத் துண்ணுக்கினு இருக்கேன்" என்று சிரித்தாய். பிறகு கேட்டாய். "அந்தக் காலத்துல எந்தக் கணக்கும் இல்லாமயே என்ன தேத்தி உட்டியே. ஒரே தபாவுல போலீஸ் செலக்‌ஷன் பாஸாயிட்டேன். இன்னாதாம்மா குடுத்த எனக்கு?"

மறந்துபோச்சுடா என்றேன். நீயும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாய். மல்லிகா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கோபமில்லை, அழுகையில்லை, கடையில் சாமான் சொல்வதுபோலச் சொன்னாள். "ரெண்டு முட்டை. காலைல ஒரு டம்ளர், சாயந்திரம் ஒரு டம்ளர் பாலு. வறுத்த மல்லாட்டை ரெண்டு கை. மத்தியானம் சோத்து மேல கெட்டிப் பருப்பு." பிறகு, "கணக்கும் இருந்துச்சும்மா. எஸ்தர் டீச்சர் போட்டுக் குடுத்தாங்க. அதுவுமா மறந்துபோச்சு?" என்றாள். மறக்கவில்லை மகனே. ஒரு நாளும் மறந்ததில்லை. நீ கேட்டுவிட்டாய். இனி உன்னிடம் சொல்லாமல் நான் சாகக்கூடாது.

உனக்கு அப்போது பத்தொன்பது வயது, அவளுக்குப் பதினெட்டு. இரண்டு பேரும் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தீர்கள். நீ நம் மலையடிவாரத்து மைதானத்தில் பையன்களோடு கயிறு ஏறினாய், குண்டு எறிந்தாய். அவள் விடியற்காலையில் வெள்ளிமலைக்குப் போகும் சாலையில் முதல் கொண்டை ஊசி வளைவுவரை ஓடி ஏறித் திரும்பி வருவாள். கள்ளக்குறிச்சிப் பள்ளியில் அவளுக்கு டிரில் சொல்லிக்கொடுத்த எஸ்தர் டீச்சர், எண்ணூறு மீட்டரில் இந்த மாவட்டத்தில் இவளைப் பிடிக்க ஆளில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆடி மாதத்தில் ஒருநாள் அந்த டீச்சர் உங்கள் இருவரையும் அரிசி மில் தராசில் ஏற்றி நிறுத்தார். நீ ஐம்பத்தெட்டு கிலோ, அவள் நாற்பத்தாறு. ஒரு நோட்டுத் தாளில் எழுதி மல்லிகாவிடம் கொடுத்தனுப்பினார். தினமும் கடுமையாக ஓடியாடுகிறவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒன்றரை கிராம் புரதம் வேண்டும், உனக்கு எண்பத்தேழு, அவளுக்கு அறுபத்தொன்பது. அதன் கீழே எது எதில் எவ்வளவு இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். ஒரு முட்டையில் ஆறு. ஒரு டம்ளர் பாலில் ஆறு. ஒரு கை மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், ஏழோ எட்டோ. ஒரு கரண்டி பருப்பில், ஒரு கிண்ணம் கொள்ளில், காராமணியில் இவ்வளவு என்று. கடைசியில் கோடு போட்டு ஒரு வரி: ஆணுக்கும் பெண்ணுக்கும் கணக்கு ஒன்றே, எடைதான் வேறு.

நான் அந்தத் தாளைப் படித்தேன். புரியவில்லை என்று சொல்ல முடியாது. கூட்டல் பெருக்கல் எனக்கு நன்றாகவே வரும். நம் வீட்டில் நாலு கோழி இருந்தன, தினமும் இரண்டு முட்டை கிடைக்கும். ஒரு மாடு இருந்தது, சொசைட்டிக்கு ஊற்றியதுபோக இரண்டு டம்ளர் பால் நிற்கும். கொல்லையில் விளைந்த கடலை மூட்டையாக இருந்தது. மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். உனக்குச் சரியாக வந்தது. அதோடு கூட்டலை நிறுத்திக்கொண்டேன். தாளை மடித்து அடுப்பு மாடத்தில் செருகினேன். இரண்டு நாளில் அது எண்ணெய் துடைக்கப் போய்விட்டது.

அவளுக்கு நான் கொடுத்தது காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் சோறும் தெளிந்த குழம்பும், பொழுதுபோனதும் அதே சோறு. பருப்பெல்லாம் அடியில் இருக்கும். அடியை உனக்கு ஊற்றுவேன். கோழி சரியாக முட்டையிடவில்லை என்று அவளிடம் சொல்லிவைத்தேன். அவள் ஓடப்போன நேரத்தில் முட்டையை எடுத்து அவித்து, அவள் வருவதற்குள் உன்னைச் சாப்பிடவைத்துவிடுவேன். ஒரே ஒரு நாள் அவள் சீக்கிரம் வந்துவிட்டாள். நீ உன் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவள் தட்டில் போட்டாய். உனக்கு நினைவிருக்கிறதா? நான் அதை எடுத்து மறுபடி உன் தட்டில் போட்டேன். "அவுளுக்கு முட்டை ஒத்துக்காதுடா" என்றேன். நீ நம்பினாய். அன்று மட்டுமில்லை, இரண்டு மாதத்துக்கு முன் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தினமும் முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு, "தங்கச்சிக்கு முட்டை ஒத்துக்காது சார்" என்று அக்கறையாகச் சொன்னவன் நீதான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் உன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அந்த வருடம் பஞ்சம், வேறு வழியில்லை என்று நான் சொன்னால் நம்பாதே. இட ஒதுக்கீடு கேட்டு நம் ஆட்கள் சாலையில் இறங்கிய வருடம் அது. புரட்டாசியில் கள்ளக்குறிச்சிச் சாலை நெடுக மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். மலை பஸ் நின்றது, ஜீப் நின்றது. உன் அப்பா போராட்டத்துக்குப் போவதென்று முடிவு செய்ததும் முதலில் செய்த வேலை, உன்னை வெள்ளிமலையில் தன் சிநேகிதர் வீட்டுக்கு அனுப்பியதுதான். உன் பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் போலீஸ் வேலை போச்சு என்பது அவர் பயம். இரண்டாம் நாள் அவரை ஊர் ஆட்களோடு சேர்த்து வேனில் ஏற்றினார்கள். நானும் மல்லிகாவும் வேனருகே நின்றோம். கம்பி வழியாக என்னிடம் சொன்னார். "பையன பாத்துக்கோ. ஒடம்ப தேத்து. நாளைக்கே சலுகை வந்துச்சுன்னா நம்ப வூட்டுல ஒரு ஆளு ரெடியா இருக்கணும்." மல்லிகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பழியை நான் அவர் மேல் போடமாட்டேன். பெண்ணுக்குக் கொடுக்காதே என்றும் அவர் சொல்லவில்லை. எங்களுக்குரிய பங்கைக் கொடு என்று கேட்டுத்தான் அவர் ஜெயிலுக்குப் போனார். அவர் வீட்டு அடுப்படியில் நான் என்ன பங்கு போட்டேன் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

நீ மலையில் பத்து நாள் இருந்தாய். அந்தப் பத்து நாளும் கோழி முட்டையிட்டது. பால் வண்டி வராததால் கறந்த பால் முழுக்க வீட்டிலேயே நின்றது. வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். சொல், அவளுக்குக் கொடுக்க என்ன தடை? நான் பாலை உறைகுத்தி, வெண்ணெயெடுத்து, நெய்யாக உருக்கி வைத்தேன், நீ வந்தால் ஆகும் என்று. மோரை அவளுக்கு ஊற்றினேன், அதுவும் தண்ணீர் விட்டு. முட்டைகளைக் கேழ்வரகுப் பானைக்குள் புதைத்துவைத்தேன். நீ திரும்பி வந்தபின் நான் பானையைத் திறந்தபோது நாலைந்து கெட்டுப்போயிருந்தன. அவற்றைக் கொண்டுபோய் எருக்குழியில் கொட்டினேன். பசித்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு முட்டையை அழுகவிட்டவள் உன் அம்மா. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கெட்ட எண்ணம் இருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இல்லை. எண்ணமே இல்லை. அவளைப் பற்றி நினைக்கவேயில்லை.

அந்தப் பத்து நாளும் அவள் ஓடுவதை நிறுத்தவில்லை. வண்டி ஓடாத வெறும் சாலையில், வெட்டிப்போட்ட மரங்களைத் தாண்டித் தாண்டி ஓடினாள். ஜீப் இல்லாததால் மலைச் சனங்கள் சாமை மூட்டையைத் தலையில் வைத்து நடந்தே இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு வெள்ளிமலைக்காரம்மா, இவள் வளைவில் குனிந்து மூச்சுவாங்குவதைப் பார்த்துவிட்டு, மந்தார இலையில் கட்டிவைத்திருந்த அவித்த மொச்சையில் பாதியைக் கொடுத்தாராம். அடுத்த முறை இறங்கியபோதும் இவளுக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாராம். "அவங்க பேரு கூட கேக்கலம்மா" என்று மல்லிகா போன வாரம்தான் சொன்னாள். யாரோ ஒருத்தி பார்த்ததும் கண்டுகொண்டது, ஒரே கூரையின் கீழ் இருந்த எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசியில் அவள் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்று துணி கட்டிக்கொண்டு ஓடினாள். கார்த்திகைக்குள் மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? என்ன தோன்றியது தெரியுமா? கதவைச் சாத்திவிட்டு அவளை எதிரே நிற்கவைத்தேன்.

"யாருடி அது?"

"எதும்மா?"

"வவுத்துல இருக்கறது யாருதுன்னு கேக்கறேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. "என் வவுத்துல ஒன்னுமே இல்லம்மா" என்றாள். நான் நம்பாமல் மருத்துவச்சியிடம் கூட்டிப்போனேன். அந்தம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ளயுமில்ல கிள்ளயுமில்ல, ஒடம்புல ரத்தமே கம்மியா கீது, இன்னாத்த குடுக்கற நீ?" என்று என்னைத்தான் திட்டினார். நான் பெருமூச்சு விட்டேன். மானம் போகவில்லை என்ற நிம்மதி. அவ்வளவுதான் எனக்குள் நடந்தது.

அடுத்த வாரம் எஸ்தர் டீச்சர் வீட்டுக்கே வந்தார். "ஓட்டத்த கம்மி பண்ணுன்னா கேக்க மாட்றா. சாப்பாடு கொறையும்போது ஓட்டத்தையும் கொறைக்கணும்மா. இல்லன்னா ஒடம்பு தன் எலும்பையும் சதையையுமே எடுத்துத் துண்ணும். நான் எழுதிக் குடுத்த கணக்குப்படி போவுதுங்களா?" என்று கேட்டார். "அப்படியேதான் குடுத்துக்கினு இருக்கேங்க டீச்சர்" என்றேன், கண்ணிமைக்காமல். மல்லிகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். டீச்சர் அவள் பக்கம் திரும்பி, "அப்படியாடி?" என்றார். "ஆமாங்க டீச்சர்" என்றாள். அன்று அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவள் கால் தப்பித்திருக்கும்.

தை மாதம் கடலூர் மைதானத்தில் பெண்களுக்கான தேர்வு நடந்தது. நான்தான் கூடப் போனேன். உயரம் சரி, மற்ற எல்லாமும் சரி. ஓட்டத்தில் முதலில் வந்துகொண்டிருந்தாள். கோட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். எழுந்தாள். ஒரு காலை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டாள். அதற்குள் எல்லோரும் தாண்டிப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் படத்தைப் பார்த்த டாக்டர், இது இன்று ஒடிந்த எலும்பு இல்லை, பல வாரமாக விரிசலோடு ஓடியிருக்கிறாள் என்றார். மாவுக்கட்டோடு அவள் கிடந்தபோதுதான் உனக்கு வேலைக்கான உத்தரவு வந்தது. ஜெயிலிலிருந்து திரும்பியிருந்த உன் அப்பா ஊரெல்லாம் கற்கண்டு கொடுத்தார். "ரெண்டுல ஒன்னாவது கெடச்சுதே" என்றார். கட்டிலில் இருந்தபடி அவளும் ஒரு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

கால் கோணலாகத்தான் கூடியது. நொண்டும் பெண் என்று யாரும் வரவில்லை. கடைசியில் ரிஷிவந்தியத்தில் மனைவி இறந்த ஒருவருக்குக் கொடுத்தோம். அவர் நல்லவர்தான், அதனால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அவரும் போய்ச் சேர்ந்தார். உன் அப்பா போன பிறகு உன் வீட்டில் இருக்க என்னை நீ கூப்பிட்டாய், நான் அவளிடம் வந்தேன். பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். வந்த நாளிலிருந்து எனக்குத் தண்ணீர் சுடவைத்தவள் அவள், என் துணியைத் துவைத்தவள் அவள். அதிலும் நான்தான் வாங்கிக்கொண்டேன். இப்போது விழுந்துவிட்டாள். எக்ஸ்ரேயைக் காட்டி டாக்டர் சொன்னார், இது எண்பது வயது எலும்பு, சின்ன வயதில் கட்டவேண்டிய காலத்தில் கட்டாமல் விட்ட எலும்பு என்று. கம்பி வைத்திருக்கிறார்கள். கூடவில்லை. இனி நடப்பாளா என்று கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் ஒருத்தி இருக்கிறாள், பவித்ராவைவிட நாலைந்து வயது மூத்தவள். உன் போனுக்கு மறுநாள் மாத்திரை வாங்கப் போனபோது அவளிடம் உட்கார்ந்து கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். சும்மா இருக்கிறவர்களுக்கு ஒரு கிலோ எடைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் போதும். தவறாமல் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை, பயிற்சி எவ்வளவு கடுமை என்பதைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் கூடக்குறைய. அதையும் ஒரே வேளையில் கொட்டக்கூடாது, மூன்று நாலு வேளையாகப் பிரிக்க வேண்டும். சோற்றிலும் கேழ்வரகிலும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். தட்டிலேயே கணக்கு வந்துவிட்டால் டப்பாவில் விற்கும் புரத மாவு தேவையில்லை. கிட்னியில் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக்கூடாது. உனக்கும் இது பொருந்தும். உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, ஒருமுறை ரத்தம் பார்த்துவிட்டு அந்த நூற்றுப்பத்தைச் சாப்பிடு. இதெல்லாம் கேட்ட பிறகு, அந்த வருடம் உங்கள் இருவருக்கும் கொடுத்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு பேனாவை வைத்துக் கூட்டினாள். உனக்கு எண்பத்தைந்துக்குப் பக்கத்தில் வந்தது. மல்லிகாவுக்கு முப்பது. "பாட்டி, இது ஓடாம உக்காந்துக்கினு இருக்கற பொண்ணுக்கே பத்தாதே" என்றாள். இரண்டையும் மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் சேத்து சரிபாதியா போட்டிருந்தா ரெண்டு பேருமே தப்பிச்சிருப்பாங்க" என்றாள். அவளுக்கு நான் யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று தெரியாது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரும்வரை எங்கேயும் நிற்காமல் நடந்தேன்.

இப்போது தினமும் அவளுக்கு இரண்டு முட்டை அவிக்கிறேன், பால் காய்ச்சுகிறேன், பருப்பு மசிக்கிறேன். அவளால் பாதிகூட சாப்பிட முடியவில்லை. "போதும்மா, இன்னா அவசரம் இப்ப" என்கிறாள். வயிறு சுருங்கிவிட்டது. காலம் கடந்துபோன சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மல்லிகா விழுவதற்கு முன் ஒரு வாரம் உன் வீட்டில் இருந்தேன் அல்லவா. நீ மேசையில் தராசு வைத்துக் கோழித்துண்டை நிறுத்துக்கொண்டிருந்தாய். பவித்ரா கல்லூரியில் கபடி விளையாடிவிட்டு முழங்கால் சிராய்ப்போடு வந்தாள். இரண்டு தோசையும் சட்னியும் சாப்பிட்டாள். இன்னும் பசிக்கிறது என்றாள். உன் மனைவி, "பொம்பளப் புள்ள, ஒடம்பு ஊதிடப்போவுது" என்றாள். நீ தராசிலிருந்து நிமிரவில்லை. உன் மனைவிமேல் குற்றமில்லை, நான் செய்ததைத்தான் அவள் வாய்விட்டுச் சொன்னாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் தெரிந்த ஒருத்தி, வாயை மூடிக்கொண்டு. உன் எடை உனக்குத் தெரியும். பவித்ராவின் எடை எவ்வளவு? தெரியாவிட்டால் இன்றைக்கே நிறுத்துப் பார். ஒன்றரையால் பெருக்கு. அது அவளுடையது. உன் மனைவி தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறாள், அவளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உன்னிடம் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான். நீ கேட்பாய் என்று நம்பிக்கை இருக்கிறதா என்றால், பெரிதாக இல்லை. நான் படித்துத் தெரிந்துகொண்டேதான் செய்தேன். தெரிவது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அவள் அந்தப் பட்டியலைச் சொன்ன பிறகு, உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். "அப்பவே தெரியும்மா. எருக்குழில சாணி கொட்டறது நான்தான. ஓடு கெடக்கும். கெட்ட முட்டையும் கெடந்துச்சு" என்றாள். பின் ஏன் டீச்சரிடம் சொல்லவில்லை என்றேன். "சொன்னா அப்பறம் குடுப்ப. டீச்சர் சொல்லி குடுப்ப. எனக்கு நீயா குடுக்கணும்னு இருந்துச்சு" என்றாள். தினமும் ஓடிவிட்டு வரும்போது, இன்றைக்குக் கொடுப்பாள் என்று நினைத்துக்கொண்டே வருவாளாம். தை மாதம்வரை நினைத்தாளாம்.

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள். "கேக்காத. நீ கேட்டா நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். அதையும் நான்தான் குடுக்கணுமா?" என்றாள்.

அதனால் நான் கேட்கவில்லை. கேட்காமலே போய்ச் சேருவேன் போலிருக்கிறது. இதைப் படித்ததும் நீ பஸ் ஏறுவாய் என்று எனக்குத் தெரியும். வா. பக்கத்தில் உட்கார். அவள் பேசினால் பேசு, இல்லாவிட்டால் சும்மா இரு. மன்னிப்பு மட்டும் கேட்காதே மகனே. அவளிடமிருந்து அதையாவது நாம் வாங்காமல் இருப்போம்.

அம்மா